டூ வீல் டஸ்டரை ஃபோர் வீல் ஆக்கலாமா?

முன்சக்கரங்களை மட்டும் இன்ஜின் சுழற்றும் உங்கள் ரெனோ டஸ்டர் காரை, நான்கு சக்கரத்தையும் சுழற்றும் ஆல் வீல் வண்டியாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆல் வீல் டஸ்டரின் புரொப்பெல்லர் ஷாஃப்டும் (சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் தண்டு) பின் டிஃபரென்ஷியலும் (அதை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) வாங்கினால் போதும் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போதாது. உங்கள் வண்டியின் பின் சஸ்பென்ஷன் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்; ஆல் வீலில் மல்டி லிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கைகள். டிஃபரென்ஷியலைத் தாங்க உங்கள் வண்டியில் இடமே கிடையாது. கியர்பாக்ஸும் வேறு. இதை விற்றுவிட்டுப் பழைய ஆல் வீல் ஒன்றைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் ஏற்றத்தில் மழைக்கு அப்புறம் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது என்றீர்களே, அதற்குப் பெரும்பாலும் டயர்தான் காரணம். ஏறும்போது பாரம் பின்னால் போய்விடும், முன்சக்கரத்துக்குப் பிடி குறையும். ரோடு டயரின் பள்ளங்களில் செம்மண் சேறு அப்பிக்கொண்டால் மொட்டை டயர் மாதிரி வழுக்கும்.

ஒரு சோதனை: அதே ஏற்றத்தில் ரிவர்ஸில் மெல்ல ஏறிப் பாருங்கள். இப்போது பாரம் முன்சக்கரத்தின் மேல் இருக்கும். வண்டி ஏறினால், நான்கு சக்கரத்துக்கும் அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர் (மண்பாதைக்கும் தார்ரோட்டுக்கும் பொதுவான, ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர்) போட்டாலே உங்கள் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். வழிகாட்ட வருபவர் பக்கவாட்டில் நிற்கட்டும், வண்டிக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். சேற்றுக்காக டயர் காற்றழுத்தத்தை 24 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், தார்ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிவிடுங்கள்.

எந்த வண்டியானாலும் டிரைவை, அதாவது இன்ஜின் சுழற்றும் சக்கரங்களை, மாற்றும் முன் ஆர்டிஓவிலும் இன்ஷூரன்ஸிலும் கேளுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதில் கறாரானது.