பெண் எடுப்பார்கள், கொடுக்கமாட்டார்கள்

அன்புள்ள ஐயா,
எகிப்து அரசகுமாரிகள் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். கூடப்பிறந்தவனையே கட்டிக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் பக்கத்து நாட்டு ராஜாவுக்குப் பண்டமாற்றுபோல அனுப்பிவிடுவார்களாம். அவர்கள் சந்தோஷமாக இருந்திருப்பார்களா?
ர.

அன்புள்ள ர.,

கூடப்பிறந்தவன் கதை உண்மைதான். அதற்கும் ஒரு படி மேலே போய், எகிப்து அரசர் மூன்றாம் அமென்ஹோதெப் தன் மகள் சிதாமுனுக்கே பட்டத்தரசிப் பட்டம் கொடுத்தார். அதைக் கிசுகிசுவாகப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பண்டமாற்று என்கிறீர்களே, அது சுத்தத் தப்பு. காணொளியில் கேட்டதை அப்படியே நம்புவதா? ஒரு புத்தகத்தைப் புரட்டக்கூடாதா?

1887-இல் எகிப்தின் அமர்னாவில் களிமண் பலகைகளில் எழுதிய அரசாங்கக் கடிதங்கள் கிடைத்தன. ஒன்றில் பாபிலோன் ராஜா கடஷ்மான்-என்லில், அதே அமென்ஹோதெப்பிடம் புலம்புகிறார். உங்கள் மகளைக் கேட்டேன். எகிப்து அரசன் மகளை ஆதியிலிருந்தே யாருக்கும் கொடுத்ததில்லை என்றீர்கள். ஏன், நீங்கள் ராஜாதானே, மனம்வைத்தால் நடக்காதா? சரி, யாராவது அழகான பெண்ணை உங்கள் மகள் என்று அனுப்பிவையுங்கள், இல்லை என்று இங்கே யார் சொல்லப்போகிறார்கள்? எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். இத்தனைக்கும் அந்தப் பாபிலோன் ராஜாவின் சகோதரி ஏற்கெனவே எகிப்து அந்தப்புரத்தில்தான் இருந்தாள். மித்தானி நாட்டிலிருந்து அரசகுமாரி கிலுகேபா அதே அமென்ஹோதெப்பைக் கட்டிக்கொள்ள வந்தபோது கூடவே 317 பெண்கள் வந்தார்கள். பெண் எடுப்பார்கள், கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் இறங்கிப்போனதாக அர்த்தம்.

எங்கள் அத்தை ஞாபகம் வருகிறது. மூன்று வரன் வந்தது. மூன்றுக்கும் தாத்தா சொன்னது ஒன்றுதான்: "அந்த வீட்டில் நாம் கை நனைக்க முடியுமா?" அப்புறம் யாரும் வரவில்லை. அத்தையை வீட்டில் யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பெட்டிச்சாவி அவர் இடுப்பில்தான். எங்கள் எல்லோர் கல்யாணத்துக்கும் மொய் எழுதியது அவர்தான், முத்து முத்தான கையெழுத்து. எழுபத்தொரு வயதில் அதே வீட்டில் இறந்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அனுப்பப்பட்டவளை நினைத்து நீங்கள் உருகுகிறீர்கள். எனக்கு அனுப்பப்படாதவளைத்தான் தெரியும்.

சந்தோஷம் பற்றிக் கேட்டீர்கள், இல்லையா? அமர்னாவில் தொல்லியலாளர் பெட்ரி கண்டெடுத்த சுவரோவியத் துண்டு ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமென்ஹோதெப்புக்குப் பின் அரசாண்ட அவர் மகன் அக்னாதனின் மகள்கள் இருவர், மேலே நகைகளைத் தவிர ஒன்றுமில்லை, பெற்றோர் காலடியில் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் மோவாயைப் பிடித்துக் கொஞ்சுகிறாள்.