மொடலிங் கேள்வி-பதில்: மூன்றாம் பக்கம் எங்கே?

போன முறை ஏஜென்சி ஒப்பந்தம் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு ஒரு பை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போடவில்லை, திருகோணமலை சின்ன ஊர்.

கேள்வி: கொழும்பு ஏஜென்சி ஒன்று இன்ஸ்டகிராமில் என் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசியது. சேர்ப்பதற்கு முன் போர்ட்ஃபோலியோ என்கிற படத் தொகுப்புக்கு 45,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (உப்புவெளி, வயது 19)

கட்ட வேண்டாம். ஏஜென்சி என்றால் உங்களுக்கு வேலை எடுத்துத் தந்து அதிலே கொமிஷன் எடுக்கிற இடம். உங்களிடமே காசு வாங்கிவிட்டால் பிறகு வேலை தேட அவர்களுக்கு என்ன அவசரம்? முதல் தடவை பார்க்க டிஜிட்டல்ஸ், அதாவது அலங்காரமில்லாத சாதாரணப் படங்கள், போதும். காலை எட்டு மணி வெளிச்சம், வெள்ளைச் சுவர், தங்கச்சியின் கையில் ஒரு போன். செல்ஃபி வேண்டாம், பின்பக்கக் கமரா. மேக்கப் இல்லை, ஃபில்டர் இல்லை. உடம்போடு ஒட்டின டீசேர்ட், ஜீன்ஸ். முடியைக் கட்டி ஒன்று, விரித்து ஒன்று. நேரே, பக்கவாட்டில், முழு உருவம். ஐந்து சதம் செலவில்லை. டச்சு பேயில் சூரியன் உதிக்கிற அழகை அவர்கள் பார்க்கப் போவதில்லை.

கேள்வி: என் உயரம் 5 அடி 7. மொடல் ஆகலாமா? (கிண்ணியா)

ரேம்புக்கு ஆண்களை ஆறடிக்குக் கிட்டத்தான் கேட்பார்கள். விளம்பரப் படத்துக்கு உயரம் பெரிய விஷயமில்லை. தம்பி, பதினான்கு படம் அனுப்பியிருக்கிறீர்கள், பதினான்கிலும் கூலிங் கிளாஸ். கண்ணைக் காட்டாதவருக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: மகளுக்கு 16 வயது. ஏஜென்சிக்காரர் 'பிள்ளையே கையெழுத்து வைத்தால் போதும்' என்கிறார். (ஒரு தாய், ஓர்ஸ் ஹில்)

போதாது. இலங்கையில் 18 வயதுக்குக் கீழே என்றால் தாயோ தகப்பனோ பாதுகாவலரோ கையெழுத்து வைக்க வேண்டும். அது தெரியாத ஏஜென்சி என்றால் ஒரு பிரச்சினை, தெரிந்துகொண்டே சொல்கிறதென்றால் அதைவிடப் பெரிய பிரச்சினை. இனி அவர்களோடு பேசுவதானால், உடுப்பு மாற்ற உள்ளே பூட்டுகிற அறை, ஷூட் முடிகிற நேரம், பரீட்சை மாதத்தில் வேலையில்லை என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஷூட்டுக்கு நீங்களும் போங்கள். 'அம்மா நின்றால் பிள்ளை கூச்சப்படும்' என்பார்கள். கூச்சப்படட்டும். ஒப்பந்தத்தின் பிரதி வீட்டுக்கு வந்து ஒரு கிழமை மேசையில் கிடந்த பிறகுதான் கையெழுத்து.

கேள்வி: 20 சதவீதம் கொமிஷன் என்றார்கள். 50,000 ரூபாய் வேலைக்குக் கையில் வந்தது 21,000. என்னை ஏமாற்றுகிறார்களா?

40,000 வந்திருக்க வேண்டும், மீதி 19,000 எங்கே என்று என்னிடம் கேட்பதற்கு முன் அவர்களிடம் கேட்டிருக்கலாம். நீங்கள் அனுப்பிய துண்டிலேயே பதில் இருக்கிறது: கொம்ப் கார்ட் (உங்கள் படமும் அளவுகளும் அச்சிட்ட அட்டை) 6,000, மேக்கப் 8,000, வான் 5,000. கொம்ப் கார்ட் உங்கள் கணக்கில் வருவது வழக்கம்தான். மேக்கப்பும் வானும் வாடிக்கையாளரின், அதாவது விளம்பரம் செய்விக்கிறவரின், செலவு. அவரிடமும் வாங்கி உங்களிடமும் கழித்தார்களா என்று பாருங்கள். எதை எதைக் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், ஒவ்வொரு கழிவுக்கும் பற்றுச்சீட்டு வர வேண்டும். நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. கொழும்பு இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் போய், விடிய இறங்கி, முகம் வீங்கியபடி ஆள் தெரிவு செய்கிற காஸ்டிங்குக்கு நிற்க முடியாது. தங்குகிற செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே எழுதுங்கள். காசு கைக்கு வர இரண்டு மூன்று மாதம் எடுக்கும், அதற்குப் பதற வேண்டாம்.

கேள்வி: ஷூட் நாளன்று 'ரிலீஸ்' என்று ஒரு தாளிலும் கையெழுத்து கேட்கிறார்கள். ஏஜென்சி ஒப்பந்தம் இருக்கும்போது இதையும் வாசிக்கத் தேவையா?

'வாசிக்கத் தேவையா' என்பதைப் பார்த்ததும் எனக்கு ஏறிவிட்டது. ஏஜென்சி ஒப்பந்தம் உங்களுக்கும் ஏஜென்சிக்கும் நடுவில். ரிலீஸ் என்பது உங்கள் படத்தை வாடிக்கையாளர் எங்கே, எதில், எவ்வளவு காலம் போடலாம் என்பதற்கு நீங்கள் கொடுக்கிற அனுமதி. அன்றைய சம்பளம் எட்டு மணித்தியாலம் கமராவுக்கு முன் நின்றதற்கு. படத்தின் பாவனைக்கு விலை வேறு. இரண்டையும் ஒரே தொகைக்குள் தள்ளி, 'எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையறையின்றி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.

பதினைந்து வருடத்துக்கு முன், நான் ஷூட் ஒருங்கிணைத்துத் திரிந்த காலம். ஒரு புடவைக்கடைக்குத் தீபாவளி விளம்பரம். இருபது வயதுப் பிள்ளை, சம்பளம் 12,000 ரூபாய். மேக்கப் கதிரையில் ஒரு கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருக்கும்போது மற்றக் கண்ணால் பார்த்துக் கையெழுத்து வைத்தாள். தாளை நீட்டியது நான். நானும் வாசிக்கவில்லை. தீபாவளி போய்ப் பொங்கல் போய் அடுத்த தீபாவளியும் வந்தது, படம் இறங்கவில்லை. கடைப் பலகையில், பையில், சாமான் ஏற்றுகிற வானின் பக்கத்தில் அவள்தான். கலியாணம் முடித்து ரீச்சராகவும் வந்துவிட்டாள், அவள் பள்ளிக்கூடம் போகிற பாதையில் அந்த வான் நிற்கும். வெயிலில் அச்சின் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளிறும், நீலம் கிடக்கும். ஐந்தாம் வருடம் அவள் முகம் கடலில் இருந்து தூக்கியெடுத்த மாதிரி நீலம் பாரித்துப் போயிருந்தது. வகுப்பில் பொடியள் அதைச் சொல்லிச் சிரித்தார்களாம். நான் கடைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி கோபிக்கவே இல்லை. லாச்சியைத் திறந்து தாளை எடுத்துக் காட்டினார். திகதி என் கையெழுத்தில் இருந்தது.

ஆகவே மகள், ரிலீஸில் இப்படி எழுத வையுங்கள்: ஒரு வருடம், இலங்கைக்குள், அச்சும் சமூக ஊடகமும். தெருப் பலகைக்கும் வாகனத்துக்கும் தனி விலை. வருடம் முடிந்தால் புதுக் காசு, இல்லாவிட்டால் படம் இறங்க வேண்டும். ஒரு தேயிலைக்கு நடித்தால் வேறு தேயிலைக்கு நடிக்கக்கூடாது என்று தடை போட்டால் அதற்கும் காசும் கால எல்லையும் வேண்டும். இப்போது புதிதாக ஒன்று: உங்கள் முகத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவில் புதுப் படங்கள் உருவாக்கும் உரிமை. அதைத் தனித் தாளில், தனி விலையில் கேட்டால் யோசியுங்கள். பொதுவான ஒப்பந்தத்துக்குள் செருகியிருந்தால் வெட்டுங்கள். ஏஜென்சி உங்களுக்காக ரிலீஸில் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் கேட்கிறதா என்றும் பாருங்கள். கொடுத்தால் இவ்வளவும் நீங்கள் வாசிக்காமலே நடக்கும். ரிலீஸின் பிரதியும் கையில் இருக்க வேண்டும், இதை நான் சாகும்வரை சொல்வேன்.

கேள்வி: ஐந்து வருட எக்ஸ்குளூசிவ் ஒப்பந்தம், அவர்கள் மூலம் மட்டும்தான் வேலை. முடிவதற்கு 90 நாளுக்கு முன் நான் அறிவிக்காவிட்டால் தானாக நீளுமாம். நிலாவெளி ஹோட்டல்காரர் நேரே கூப்பிட்டாலும் போக முடியாதா?

இப்படியே கையெழுத்து வைத்தால் முடியாது. போனால் கொமிஷனைக் கேட்டு வருவார்கள். புதியவருக்கு ஒரு வருடம் போதும், கூடினால் இரண்டு. தானாக நீள்கிற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். திருகோணமலை மாவட்டத்துக்குள் நீங்களே பிடிக்கிற வேலை உங்களுடையது என்று ஒரு வரி சேருங்கள். இங்கே அவர்கள் கிளையா வைத்திருக்கிறார்கள்? 'உலகம் முழுக்க இப்படித்தான்' என்றால், நியூயோர்க்கில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த மொடல்களுக்கான சட்டத்தைச் சொல்லுங்கள். அங்கே ஒப்பந்தம் மூன்று வருடத்தைத் தாண்டக்கூடாது, மொடலின் சம்மதமின்றி நீளக்கூடாது, கொமிஷன் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. பேரம் பேச உதவும்.

கேள்வி: டுபாயில் மூன்று மாத மொடலிங். விசிட் விசாவில் வரச் சொல்கிறார்கள், பாஸ்போர்ட்டைக் கொரியரில் அனுப்ப வேண்டுமாம்.

அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அடித்து, அந்தப் பெயரில் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடிக்கும்போது பாஸ்போர்ட் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும்.

கேள்வி: ஒப்பந்தத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நாளைக்குக் கையெழுத்து. சரியா பார்த்துச் சொல்லுங்கள். (மூதூர்)

நாளைக்குக் கையெழுத்து, இன்றைக்கு எனக்கு அனுப்புகிறீர்கள். இது சட்டத்தரணி பார்க்க வேண்டிய விஷயம்; ஒரு தடவை பார்த்துச் சொல்ல அவர் வாங்குகிறது உங்கள் ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் பார்த்தேன். முதலாம் பக்கம் இருக்கிறது, இரண்டாம் பக்கம் இருக்கிறது. இரண்டாம் பக்கம் 'கொடுப்பனவுகளும் கழிவுகளும் பின்வருமாறு' என்று முடிகிறது. அடுத்த படம் நான்காம் பக்கம். மூன்றாம் பக்கத்தைப் படம் எடுக்க மறந்தீர்களா, அவர்களே தரவில்லையா? கேட்டு எழுதுங்கள். நாளைக்குப் போக வேண்டாம்.