முதல் தனிப்பயணத்துக்கு டான்யூப் கரையைப் பரிந்துரைக்கிறேன்: பாதை, விசா, மிதிவண்டிப் பெட்டி பற்றிய ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி வரை மிதிவண்டி ஓட்டிப் பழகியிருக்கிறீர்கள். அடுத்த கோடையில் இரண்டு வாரம் ஐரோப்பாவில் தனியாக ஓட்ட விரும்புகிறீர்கள். எந்தப் பாதை, எந்த வண்டி, வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இம்மூன்றில் வண்டியைப் பற்றிய கேள்விதான் மிக எளியது. ஆனாலும் புதிதாகக் கிளம்புகிற பலர் அதிலேயே மாதக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். நான் பாதையிலிருந்து தொடங்குகிறேன். தனியாகச் செல்பவருக்குத் தொடைவலியைவிட அதிக அலுப்பைத் தருவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே சாப்பிடுவது, வானம் கறுக்கிறதே நிற்கலாமா போகலாமா, இரவு எங்கே படுப்பது என்று காலை முதல் மாலை வரை எல்லாவற்றையும் ஒருவரே முடிவு செய்ய வேண்டியிருப்பதுதான். 1923இல் பம்பாயிலிருந்து மிதிவண்டியில் உலகைச் சுற்றக் கிளம்பிய பார்சி இளைஞர்கள்கூடக் குழுவாகத்தான் கிளம்பினார்கள். அந்த ஆறு பேரில் மூவரே 1928இல் சுற்றை முடித்துத் திரும்பினார்கள். ஆகவே முதல் தனிப்பயணத்துக்கு, முடிவெடுக்கும் வேலையைப் பெருமளவு பாதையே செய்துவிடுகிற ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். மத்திய ஆசியாவின் பாமிர் மலைச் சாலையும் தென் அமெரிக்காவின் படகோனியாவும் போன்ற கடினமான பாதைகள் காத்திருக்கும்.

அப்படிப்பட்ட பாதை, ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை டான்யூப் ஆற்றங்கரையை ஒட்டிச் செல்வது. தூரம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை செல்லும் யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையின் ஒரு பகுதி இது. ஆற்றின் ஓட்டத்தோடு செல்வதால் ஏற்றம் மிகக் குறைவு. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசி முதுகைத் தள்ளும். இது இவ்வளவு சமதளமாக இருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன்பு, சரக்குப் படகுகளை ஆற்றோட்டத்துக்கு எதிராகக் குதிரைகள்தான் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அக்குதிரைகள் நடப்பதற்காகக் கரையோரம் போடப்பட்ட தடங்களின் மேல்தான் இன்றைய மிதிவண்டிப் பாதை பல இடங்களில் செல்கிறது.

வழி தவறுவது கடினம். ஆறு ஒரு பக்கம் இருந்துகொண்டே இருக்கும்; கரையில் கிலோமீட்டர்ப் பலகைகளும் இருக்கும். ஆனால் அந்தப் பலகைகள் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணப்பட்டவை. பாசாவில் 2,225ஐ ஒட்டியிருக்கும் எண், வியன்னாவை நெருங்கும்போது 1,930 அளவுக்கு இறங்கியிருக்கும். பேச்சுத் துணை இல்லாத நண்பகலில் அந்த எண்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு மிதிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பெரும்பாலான இடங்களில் இரு கரைகளிலும் பாதை உண்டு. கரை மாற, பாலம் இல்லாத இடத்தில் படகு இருக்கும். ஷ்லோகன் என்ற ஊரில் ஆறு மலையைச் சுற்றி ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்புகிறது. அங்கே வடகரைப் பாதை செங்குத்தான சரிவால் அறுபட்டுப் போவதால், அக்கரையில் வருபவர்கள் மிதிவண்டியோடு படகில் ஏறித்தான் ஆக வேண்டும். ஸ்பிட்ஸ் என்ற ஊரின் படகு இதைவிடச் சுவையானது. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்பு வடம் கட்டப்பட்டிருக்கிறது. அதில் ஓடும் உருளையிலிருந்து படகு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கிறது. படகோட்டி சுக்கானைத் திருப்பி, படகின் பக்கவாட்டை நீரோட்டத்துக்குச் சாய்வாக வைக்கிறார். ஓடுகிற நீரே அதை அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. கடப்பதற்கு இயந்திரம் தேவைப்படுவதில்லை. வண்டியைக் கம்பியில் சாய்த்துவிட்டு மேலே பார்த்தால் உருளை வடத்தில் மெல்ல நகர்வது தெரியும். இத்தகைய சிறு படகுகளுக்கும் கிராமத்து விடுதிகளுக்கும் கையில் ரொக்கம் வைத்திருங்கள். எல்லா இடத்திலும் அட்டை எடுபடும் என்று நம்ப வேண்டாம்.

ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். உங்களால் 100 கிலோமீட்டர் ஓட்ட முடியும் என்பது தெரிகிறது. ஓட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. லின்ஸ் நகரைத் தாண்டியதும் வரும் மௌட்ஹவுசனில், 1938இல் நாஜிகள் அமைத்த வதைமுகாம் இன்று நினைவிடமாக இருக்கிறது. கைதிகள் கருங்கற்களைச் சுமந்து ஏறிய 186 படிகளும் அங்கே உள்ளன. பாதையிலிருந்து விலகி ஒரு மேட்டில் ஏறினால்தான் அதைப் பார்க்க முடியும். தூரக் கணக்கில் குறியாக இருப்பவர்கள் அந்த மேட்டைத் தவிர்த்துவிட்டுப் போவார்கள். மெல்க் முதல் கிரெம்ஸ் வரையுள்ள வாகாவ் பள்ளத்தாக்கு 2000ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களும் ஆப்ரிகாட் தோப்புகளும் நிறைந்த பகுதி அது; ஜூலையில் சென்றால் பழம் கிடைக்கும்.

மே மாத நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை ஓட்டலாம். ஆனால் கிளம்புமுன் ஆற்றின் நீர்மட்டத்தைப் பாருங்கள். பாசாவ் நகர மன்றக் கட்டடத்தின் சுவரில் பழைய வெள்ளங்களின் உயரத்தைக் கோடு போட்டு ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். 2013 ஜூன் மாதத்து வெள்ளம் 12.89 மீட்டரைத் தொட்டது. வெள்ளம் வந்தால் கரையோரப் பாதைதான் முதலில் மூழ்கும்.

இனி விசா. பலர் தடுமாறும் இடம் இது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அங்கே கேட்பதில்லை. அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நீங்கள் மியூனிக்கில் இறங்கினாலும், பாசாவிலிருந்து முதல் நாளே ஆஸ்திரியாவுக்குள் நுழைந்துவிடுவீர்கள். எனவே இந்தப் பயணத்துக்கு ஆஸ்திரியாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கோடைக்கான நேர ஒதுக்கீடு இந்தியாவில் விரைவில் தீர்ந்துவிடுவதால் அந்த ஆறு மாதத்தின் தொடக்கத்திலேயே முயலுங்கள். குறைந்தது 30,000 யூரோ வரையிலான மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் மிதிவண்டிப் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறிய எழுத்துகள் வரை படித்துவிட்டு வாங்குங்கள். எந்த இரவு எந்த ஊர் என்ற விவரம் கேட்கப்படும். ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகளைச் செய்து, பாதையின் வரைபடத்தையும் ஒரு பக்க விளக்கத்தையும் இணைத்துவிடுவது நல்லது.

வண்டிக்கு வருகிறேன். இந்தப் பாதையை மட்டும் ஓட்டுவதென்றால், பாசாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. இரண்டு வாரப் பயணத்துக்கு அதுவே சிக்கனம் என்பது என் எண்ணம். சொந்த வண்டியின் மேல் பாசம் உள்ளவர்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்பதும் தெரியும். சொந்த வண்டிதான் என்றால், பின்பக்கக் கேரியரைத் திருகிப் பொருத்தத் துளைகள் உள்ள, 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் கொண்ட, எளிய கியர்கள் உள்ள ஹைபிரிட் வண்டி போதும். புதிதாக எதையும் வாங்குமுன், இப்போதுள்ள வண்டியிலேயே மொத்தச் சுமையையும் ஏற்றி மாமல்லபுரம் போய், இரவு தங்கித் திரும்புங்கள். பின்சக்கரத்தில் 12 கிலோ ஏறியதும் வண்டி வளைவில் எப்படி நடந்துகொள்கிறது, பிரேக் பிடிக்க எவ்வளவு தூரம் ஆகிறது என்பவை கடையில் தெரிய வராதவை.

சொந்த வண்டியை எடுத்துச் செல்பவருக்கு உண்மையான வேலை, அதைப் பெட்டியில் அடைப்பதுதான். மிதிவண்டிக் கடைகளில் புது வண்டி வந்த அட்டைப் பெட்டி கிடைக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். பெடல்களைக் கழற்றும்போது கவனம் தேவை: வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரச் சுற்றில் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொடுத்தால் மரை பாழாகிவிடும். சீட் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு இறக்குங்கள். பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் கருவியைக் கழற்றி, துணியில் சுற்றிச் சட்டத்தின் உட்பக்கம் கட்டிவிடுங்கள். அதைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு (ஹேங்கர்) வளைந்தால் கியர் எதுவும் ஒழுங்காக விழாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஹேங்கர் வேறு வேறு வடிவம், வழியில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே உங்கள் வண்டிக்கான உதிரி ஒன்று கையில் இருக்கட்டும். முன்சக்கரத்தைக் கழற்றியபின் ஃபோர்க்கின் இரு கால்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். புது வண்டிகளோடு அது வரும், கடையில் கேட்டால் கொடுப்பார்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கிடையிலும் ஒரு தக்கை வேண்டும்.

பெட்டியின் அளவும் எடையும் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் வேறு. சில நிறுவனங்கள் உங்கள் வழக்கமான எடைக்குள்ளேயே அனுமதிக்கும்; சில தனிக் கட்டணம் வாங்கும். பயணச்சீட்டு வாங்குமுன் அளவைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அந்த விதி தெரியாமல் இருக்கலாம். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். ஸ்பேனர் முதலிய கருவிகள் பெட்டிக்குள் போக வேண்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பி எதிலும் போகக் கூடாது. விலை உயர்ந்த வண்டி என்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுவிடுங்கள். திரும்பி வரும்போது அதை வெளிநாட்டில் வாங்கியதாகக் கருதி வரி கேட்கும் பேச்சுக்கு இடமிருக்காது.

மியூனிக்கிலிருந்து பாசாவுக்கு, லாண்ட்ஸ்ஹூட், பிளாட்லிங் வழியாகச் செல்லும் வட்டார ரயிலில் மிதிவண்டிக்குத் தனிச்சீட்டு வாங்கி ஏற்றலாம். ஆனால் இரவு முழுவதும் விமானத்தில் விழித்திருந்துவிட்டு, அன்றே வண்டியைப் பொருத்தி ஓட்டத் தொடங்காதீர்கள். ஓர் இரவு பாசாவில் தூங்குங்கள். ஐரோப்பிய நிலப்பகுதியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. வாகன நெரிசலில் உங்களுக்கு அது நினைவிருக்கும். ஆபத்து, ஆளில்லாத தெருவில் காலையில் விடுதியை விட்டு வெளியே வரும் முதல் நிமிடத்தில்தான். கை தானாக இடப்பக்கம் திருப்பும். ரவுண்டானாவிலும் அப்படியே: அங்கே சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்.

தனியாகச் செல்பவருக்கே உரிய ஒரு சிறு தொல்லை, கழிவறைக்கோ கடைக்கோ போகும்போது வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை. பாஸ்போர்ட், பணம், கைபேசி மூன்றும் ஹேண்டில்பாரில் மாட்டும் ஒரே பையில் இருக்க வேண்டும்; இறங்கியதும் கை தானாக அதைக் கழற்றித் தோளில் போட வேண்டும். மற்றப் பைகள் அழுக்குத் துணிதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, கண்ணாடிச் சன்னலுக்கு எதிரே நிறுத்தினால் போதும்.

உணவில் பெரிய சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்று மளிகைக் கடைகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும் பெரும்பாலும் மூடியிருக்கும்; பெரிய ரயில் நிலையங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உள்ளவைதான் விதிவிலக்கு. மே, ஜூன் மாதங்களில் வார நாள்களிலேயே கிறித்தவத் திருநாள் விடுமுறைகள் பல வரும். அவற்றை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலையே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கி வைத்துவிட வேண்டும். அம்மா நெய் ஜாடியைக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு. பருப்புப்பொடிக்குத் தடையில்லை. வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் அதைத் தூவிச் சாப்பிடுவதை முகம் சுளிக்காமல் செய்து பாருங்கள்.

தங்குமிடத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குள் உறுதி செய்துவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு களைப்பும் பசியும் சேர்ந்து எடுக்கும் முடிவுகள் நன்றாக அமைவதில்லை. ஊருக்கு ஊர் கூடாரம் அடிக்கும் முகாமிடங்கள் உண்டு. மிதிவண்டிக்காரருக்கு அங்கே ஒரு மூலை பெரும்பாலும் கிடைக்கும். காட்டில் உரிமையாளரின் அனுமதியின்றிக் கூடாரம் அடித்து இரவு தங்குவது ஆஸ்திரியாவில் சட்டப்படி தவறு.

வீட்டாரைப் பற்றி: துணிச்சலைப் பற்றிப் பேசி அவர்களை வெல்ல முடியாது, விவரத்தைக் கொடுங்கள். சில கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வரும் என்பதையும், வழியின் பெரும்பகுதிக்கு அருகே ரயில் பாதை இருப்பதால் பெரும்பாலான நாள்களில் பயணத்தை நிறுத்திவிட்டு ரயில் ஏறலாம் என்பதையும், அவசர எண் 112 என்பதையும், இரவுகளின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கோடையில் இந்திய நேரம் அங்கிருப்பதைவிட மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கும். இரவு எட்டு மணிக்கு அழைக்கிறேன் என்று சொன்னால் உங்கள் அம்மா பதினொன்றரை வரை விழித்திருப்பார். மாலை ஐந்து மணிக்கு அழைப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள், இங்கே எட்டரை.

வியன்னாவில் மீண்டும் ஓர் அட்டைப் பெட்டி தேட வேண்டும். அங்குள்ள மிதிவண்டிக் கடைகளுக்கு முந்தைய வாரமே எழுதிக் கேட்டுவிடுங்கள். வியன்னாவை எட்டிய பிறகும் நாள் மீதமிருந்தால் ஒரே நாள் ஓட்டத்தில் ஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவாவை அடையலாம். அதற்கும் அப்பால் ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை அதே விசா செல்லும். ஆற்றையே பிடித்துக்கொண்டு இன்னும் தெற்கே போனால் செர்பியா வரும். அது ஷெங்கன் பகுதியைச் சேர்ந்ததன்று. ஒருமுறை மட்டும் நுழையும் விசா வைத்திருப்பவர் அங்கே கால் வைத்தால், திரும்பும் விமானம் வியன்னாவில் காத்திருந்தாலும் அந்த விசாவில் மீண்டும் உள்ளே வர முடியாது. அவ்வளவு தூரம் போகும் எண்ணம் துளியாவது இருந்தால், விண்ணப்பத்திலேயே பலமுறை நுழையும் விசாவைக் கேளுங்கள்.