எப்போது கியர் மாற்றுவது?

கேள்வி: 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல். டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) உச்சம் 4200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). அங்கேயே கியர் மாற்றினால்தான் வண்டி பாயும் என்கிறார் நண்பர். சரியா? – ஈரோடு வாசகர்

பதில்: தப்பு. நண்பர் எஞ்சினோடு நின்றுவிட்டார். ரோட்டில் உருள்வது சக்கரம். டார்க்கைக் கியர் விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு முதல் கியர் 3.545, இரண்டாவது 1.904. எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.மில் 83 பி.எஸ். (குதிரைத்திறன்) தருகிறது, அப்போது டார்க் 97 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் முதல் கியரில் பெருக்கினால் 344. அங்கே இரண்டாவதுக்குப் போனால் ஆர்.பி.எம். ஊசி 3200-க்கு விழும். உச்ச டார்க்கான 113 முழுசாகவே கிடைத்தாலும் பெருக்கல் 215-ஐத் தாண்டாது. ஆகவே, வேகம்தான் வேண்டுமென்றால் ஆர்.பி.எம். மீட்டரில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் மாற்றுங்கள். தினசரி ஓட்டத்துக்கு இதெல்லாம் வேண்டாம், 2000–2500 போதும், பெட்ரோல் மிஞ்சும்.

மேல் கியர்களுக்கும் இதே கணக்குப் போட ஒவ்வொரு ஆர்.பி.எம்.மிலும் எவ்வளவு டார்க் என்று காட்டும் எஞ்சினின் முழு வரைபடம் வேண்டும். ஷோரூமில் கேட்டுப் பாருங்கள், சன்ரூஃபைக் காட்டுவார்கள்! லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்கு உச்ச எண் இரண்டை மட்டும் அச்சடித்துக் கொடுப்பது என்ன நியாயம்? நானும் ஒரு காலத்தில் பெரிய டார்க் எண்ணைப் பார்த்து ஒரு டீசல் கார் வாங்கினேன். டர்போ (எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) விழிக்கும்வரை சிக்னலில் ஆட்டோக்காரர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். அந்த எண் பொய்யில்லை. எந்த ஆர்.பி.எம்.மிலிருந்து அது கிடைக்கும் என்பதுதான் விளம்பரத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

கேள்வி: என்னுடையது மேனுவல் கார். ஓ.பி.டி. சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடம்) செருகினால் சரியான கியர் நேரத்தைக் காரே கற்றுக்கொள்ளும் என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். விளக்கு மட்டும் எரிகிறது. – மதுரை வாசகி

பதில்: விளக்குக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். உங்களுடையது மேனுவல் கார், கியரை மாற்றுவது உங்கள் கை என்பதையாவது யோசித்திருக்கலாம். கழற்றிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 28,000 ரூபாய்க்கு ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்தேன். 20 பி.எஸ். கூடும் என்றார்கள், ஒன்றும் தெரியவில்லை. டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் இயந்திரம்) தாள் ஒன்று தந்தார்கள், வேலை முடிந்தபின் எடுத்தது. – திருப்பூர் வாசகர்

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அதே டைனோவில் அளந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். எழுத்தில் பணம் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்; நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: மீட்டரில் மேல்நோக்கி அம்பு வருகிறது. உடனே கியர் மாற்ற வேண்டுமா? – சேலம் வாசகர்

பதில்: அது பெட்ரோலை மிச்சம்பிடிக்கச் சொல்லும் அம்பு. ஏற்காடு ஏறும்போது கண்டுகொள்ளாதீர்கள்.