கேளுங்க சொல்றன்: நரி, முசுறு, புலிமுகச் சிலந்தி

வயலுக்க ராவுல ஊளையிடுறது நரியா ஓநாயா? மகன்ட புத்தகத்துல நரி செக்கச்செவேலெண்டு பெரிய வாலோட இரிக்கு, எங்கட ஊர் நரி அப்பிடி இல்லையே?
_வாசகர், வாகரை_

ஓநாய் இலங்கையில இல்ல, அந்தச் செவத்த நரியும் இல்ல, இந்தியாவுல இரிக்கிற செந்நாயும் இஞ்ச இல்ல. எங்கட காட்டுல நாய்க் குடும்பத்துக்கு இரிக்கிறது ஒரேயொரு இனம்தான், கோல்டன் ஜக்கல் எண்டு சொல்றது, அதுதான் ஒங்கட வயலுக்க எலி, நண்டு, செத்த மாடு எல்லாம் திண்டுட்டு ஊளையிடுறது. புத்தகத்துல இரிக்கிறது ரெட் ஃபொக்ஸ். சொந்தம் பாத்தா எங்கட நரி அந்த ஃபொக்ஸ விட ஓநாய்க்குத்தான் கிட்ட. ஆப்பிரிக்காவுலயும் இதே நரிதான் எண்டு கனகாலம் நெனச்சிட்டு இருந்தாங்க, 2015ல டிஎன்ஏவப் பாத்தா அது வேற இனம்!

ஒலகத்துல இந்தக் குடும்பத்துல ஏறக்குறைய 35 இனம் இரிக்கு, சிலதப் பாத்தா நாயெண்டே சொல்ல மாட்டீங்க. தென்னமெரிக்காவுல மேன்ட் வுல்ஃப் எண்டு ஒண்டு, ஒடம்பு நரி, காலு மட்டும் மான்ட கால், தோள் ஒசரமே 90 சென்டிமீட்டர் வரும், பேருதான் ஓநாய், தின்னுறதுல பாதிக்குக் கிட்ட பழம், அதுவும் கத்தரிக் குடும்பத்துக் காட்டுப்பழம். அதே பக்கத்துல புஷ் டோக், கட்டக் காலு, விரலுக்கு நடுவுல சவ்வு, நல்லா நீந்தும். ரக்கூன் டோக் குளிர் காலத்துல படுத்தே கெடக்கும். ஆப்பிரிக்காவுல பெரிய காதோட ஒண்டு கறையான் திண்டே சீவிக்குது.

ஒண்டு சொல்லோணும், பகல்ல ஆக்களுக்குப் பயமில்லாம ஊருக்குள்ள வாற நரிக்குக் கிட்டப் போகாதீங்க, விசர் பிடிச்சதா இரிக்கலாம். கடிச்சா சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு ஒடனே ஆசுபத்திரி.

நரிக்கொம்பு வச்சிருந்தா கோட்டு வழக்கு வெல்லுமாம், ஒராள் விக்கிறார். வாங்கலாமா?
_வாசகர், காரைதீவு_

அந்தக் காச லோயருக்குக் குடுங்க மனே. எப்பயாவது ஒரு நரிட மண்டையில சின்னதா எலும்பு முளைக்கிறது மெய்தான், டெனன்ட் எண்ட வெள்ளக்காரத் தொரயும் 19ம் நூற்றாண்டுல அரை அங்குலம் எண்டு எழுதியிரிக்கார். வழக்கு வெல்லுறது அவர் காலத்துக் கதை, அப்பவும் கதைதான்.

மாமரத்துல ஒரு முசுறு, கையத் தட்டினதும் நூல்ல தொங்கிச்சு. முசுறு நூல் விடுமா ஐயா?
_பள்ளிக்கூடப் புள்ள, களுவாஞ்சிக்குடி_

சபாஷ், நல்லாப் பாத்திரிக்கீங்க! வளந்த முசுறு நூல் விடாது புள்ள, அது சிலந்தி. அடுத்த தரம் காலை எண்ணிப் பாருங்க, எட்டு இரிக்கும், முன்னங்கால் ரெண்டயும் தூக்கி முசுறுட மீசை போல ஆட்டிட்டே நடக்கும், அதால ஆறு காலெண்டுதான் கண்ணுக்குப் படும். தலைட ரெண்டு பக்கமும் கறுப்புப் பொட்டு, அது முசுறுட கண்ணுக்கு வேசம், மெய்க் கண்ணு முன்னுக்கு முழிச்சிட்டு இரிக்கு. ஆண் சிலந்திக்குத் தாடை நீளமா முன்னுக்கு நீட்டிட்டு இரிக்கும், தூரத்துல பாத்தா ஒரு முசுறு இன்னொண்டக் கவ்விட்டுப் போற மாதிரி. எதுக்கு இவ்வளவு நடிப்பு எண்டா, முசுறு கடிச்சா என்ன எரிவு எண்டு ஒங்களுக்கே தெரியும், குருவியும் பூச்சியும் அதத் தொட யோசிக்கும், அந்தப் பயத்துல இது பொழைக்குது. ஆனா மெய் முசுறு கிட்ட வந்தா இதுவே விலகி ஓடிரும்.

கூரைக்குள்ள கையளவு புலிமுகச் சிலந்தி. கடிச்சா சாவு வருமா, புடிச்சு வெளிநாட்டுக்கு விக்கலாமெண்டு தம்பி சொல்றான்?
_வாசகி, திருக்கோவில்_

நல்லா நோகும், சதைப் பிடிப்பும் வரும், ஆசுபத்திரிக்குப் போங்க, சாவெண்டு பயப்பிட வேணாம். பழைய மரப் பொந்துல இரிக்கிற சாதி, மரம் போனா வீட்டுக்குள்ள வரும். தம்பிட யோசனைதான் மோசம், இந்தச் சாதிய நாடு கடத்தி விக்கிறதுக்கு 2019ல இருந்து சைட்டிஸ் எண்ட, காட்டுயிர் வியாபாரத்துக்கான உலக ஒப்பந்தத்துட கட்டுப்பாடு இரிக்கு, எயார்போட்டுல மாட்டினா நரிக்கொம்பும் காப்பாத்தாது.