டியூசன்பெர்க் எஸ்எஸ்ஜே: கேள்வி பதில்

கேள்வி: எஸ்எஸ்ஜே கார்கள் எத்தனை? அவற்றில் அப்படியென்ன சிறப்பு?

பதில்: இரண்டே இரண்டு, 1935இல் கட்டப்பட்டவை. ஒன்றை நடிகர் கேரி கூப்பரும் மற்றொன்றை இன்னொரு நடிகர் கிளார்க் கேபிளும் ஓட்டினார்கள். இண்டியானாபோலிஸில் இயங்கிய டியூசன்பெர்க் நிறுவனம் 1928 டிசம்பரில் ஜே மாடலைக் காட்டியபோது, அதன் எட்டு சிலிண்டர், 6.9 லிட்டர் இன்ஜினுக்கு 265 குதிரைத்திறன் என்று அறிவித்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் சேர்ந்த எஸ்ஜேயில் அது 320 ஆனது. எஸ்எஸ்ஜேயிலோ ஆட்டுக்கடாவின் கொம்புகளைப் போல வளைந்த உள்ளிழுப்புக் குழாய்களும் இரண்டு கார்புரேட்டர்களும் சேர்ந்து, நிறுவனத்தின் கணக்குப்படி 400ஐத் தொட்டன. வழக்கமான சேஸியில், அதாவது பாடி இல்லாத அடிச்சட்டத்தில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 142.5 அங்குலம் இருக்க, இவற்றில் 125 தான். பதினேழரை அங்குலம் குறைந்ததால் பானட்டே காரின் பெரும்பகுதியாகி, அதன் பின்னே இருவர் மட்டும் அமரும் இடம் ஒடுங்கி நிற்பதைப் பாருங்கள். அழகு முழுவதும் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: என்ன விலைக்குப் போனது?

பதில்: கூப்பரின் கார் 2018இல் பெபிள் பீச் ஏலத்தில் 2.2 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

கேள்வி: பாடி கட்டிய ‘லா கிராண்ட்’ எந்த ஊர்ப் பட்டறை?

பதில்: அப்படியொரு பட்டறை இருந்ததில்லை, அது விற்பனைக்காக வைத்த பெயர். ஜே. ஹெர்பர்ட் நியூபோர்ட் வரைந்த வடிவத்தைக் கட்டியது, இண்டியானாவின் கானர்ஸ்வில் நகரில் இருந்த சென்ட்ரல் மானுஃபாக்சரிங். அதுவும் டியூசன்பெர்க்கைப் போலவே தொழிலதிபர் ஈ. எல். கார்டின் கையில் இருந்தது.

கேள்வி: அப்படியானால் இதைத் தனிப் பட்டறையில் பாடி கட்டிய கார் என்று சொல்வது தவறுதானே?

பதில்: நான் ஏற்கமாட்டேன். 8,500 டாலருக்கு வெறும் சேஸியை வாங்கி, நியூயார்க்கின் ரோல்ஸ்டனிடமோ பசடீனாவின் மர்ஃபியிடமோ பாடி கட்டச் சொல்வதுதான் ஜே மாடலின் வழக்கம் என்பது உண்மை. ஆனால் பட்டறையின் முதலாளி யார் என்பதை வைத்து வேலையை அளக்கக் கூடாது. குறிப்பிட்ட ஒரு சேஸிக்கென்று தனியாக வரைந்து, இரண்டே கார்களுக்காகத் தகட்டை வளைத்த உழைப்பைத் தொழிற்சாலை உற்பத்தி என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: மர்ஃபியே தன் பாடிகளை அச்சு மாறாமல் பலமுறை கட்டியிருக்கிறதே?

பதில்: அதனால்தான் சொல்கிறேன்: பெயர்ப்பலகையைப் பார்க்காமல் அந்த ஒரு காரைப் பாருங்கள்.

கேள்வி: இன்றைய ரூபாயில் விலை எவ்வளவு?

பதில்: டாலர் விலையை மேலே சொல்லிவிட்டேன்; ரூபாய்க்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1954 செவ்ரோலே கார்புரேட்டர் எங்கே கிடைக்கும்?

பதில்: என் துறை போருக்கு முந்தைய கார்கள்; உதிரிபாகக் கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: பானட்டின் பக்கவாட்டில் பளபளக்கும் புகைக் குழாய்கள் வெளியே வந்தால் அது எஸ்ஜே தானே?

பதில்: இல்லை. சூப்பர்சார்ஜர் இல்லாத ஜே கார்களிலும் பிற்காலத்தில் அந்தக் குழாய்களைப் பொருத்தினார்கள். பானட்டைத் திறந்து எடுத்த படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.