மகளுக்கு உடம்பு தேறிய பிறகும் மறுபரிசோதனை தேவையா?

அம்மா, கோதுமையை நிறுத்திய ஆறு மாதத்தில் மகளின் வயிற்றுப்போக்கு நின்று எடையும் கூடிவிட்ட நிலையில், காரைக்குடியிலிருந்து மறுபடி மதுரைக்கு அலைய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம் செல்லுங்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயில் அறிகுறிகள் மறைந்த பின்னரும் சிறுகுடலின் உட்சுவர் முழுமையாக ஆறாமல் இருக்கக்கூடும் என்பதால், இந்நோயைக் காட்டும் டிடிஜி (tTG) என்ற எதிர்ப்பொருளின் அளவு இரத்தத்தில் இறங்கி வருகிறதா என்பதை இப்போதும், ஓராண்டு நிறைவிலும், அதன்பின் ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். இரும்புச்சத்து, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் உடன் பார்ப்பார்கள்.

அளவு இறங்காவிட்டால் முதலில் சமையலறையைச் சந்தேகியுங்கள். வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் தம்மளவில் தீங்கற்றவையே. ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், விசேஷ வீடுகளில் மைதாப் பலகாரம் பொரித்த எண்ணெயிலேயே அரிசி, பருப்பு மாவில் செய்யும் மனகோலமும் வேகும் (விருந்தில் இதைக் கேட்கக் கூச்சப்படுவோரே அதிகம்).

உடன்பிறந்தோருக்கும் இந்நோய் இருக்கக்கூடும் என்பதால், அவளுடைய தம்பிக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை அவன் கோதுமை உண்பதை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் நோய் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம்.